கொப்பரைக் குடாவில் ஒரு பகல்

நாம் பள்ளி ஆசிரியர். பூகோள வகுப்பில் கடலைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம், "நிலத்தின் விளைவு குறையும், சுரங்கத்தின் பொருள் தீரும், கடலின் செல்வமோ அள்ள அள்ளக் குறையாதது" என்று சொல்லிக்கொடுப்பது நமது வழக்கமாயிருந்தது. பல ஆண்டுகள் கூசாமல் இதைச் சொல்லி வந்தோம். உலகத்தின் தென்கோடியில், பனிமலைகளுக்கு இடையே, துருவேறிக் கிடக்கும் ஒரு பழைய தொழிற்சாலையின் முன் நின்ற ஒரு பகற்பொழுதில்தான் அச்சொல் எவ்வளவு பெரிய பிழையென்பதை உணர்ந்தோம். அந்தப் பகலைப் பற்றியே இங்கு எழுதப் புகுகிறோம்.

நம் மைத்துனர் ஒருவர் தென்கடல்களில் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் கப்பலொன்றில் என்ஜினியராகப் பணி செய்து வந்தார். அவர் தயவால் குறைந்த கட்டணத்தில் ஓர் இடம் கிடைத்தது. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அரையாண்டு விடுமுறையோடு சேர்த்துவைத்திருந்த விடுப்பையும் சேர்த்துக்கொண்டு புறப்பட்டோம். அர்ஜென்டினாவின் தென்முனையிலுள்ள உஷுவாயா துறைமுகத்தில் கப்பலேறி, பாக்லாந்துத் தீவுகளைக் கண்டு, அங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் தெற்கு ஜார்ஜியா என்னும் தீவு வரும். அலைகள் கப்பலைத் தொட்டிலாட்டுவது போல் ஆட்டின. ஆனால் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குள்ள சுகம் நமக்குக் கிட்டவில்லை. பெரும்பாலும் படுத்தே கிடந்தோம்.

மூன்றாம் நாள் விடியலில் மேற்றளத்துக்கு வந்து பார்த்தபோது, கடலிலிருந்து நேரே செங்குத்தாய் எழுந்த வெள்ளை மலைத்தொடரொன்று கண்ணெதிரே நின்றது. அதன் உயர்ந்த சிகரமான பாஜெட் மலை 2,900 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ளது. தீவின் நீளம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் என்றும் உருகாத பனியால் மூடப்பட்டிருக்கிறது. அங்கே நிரந்தரக் குடிமக்கள் ஒருவருமில்லை. ஆராய்ச்சிக்காரர்களும் உத்தியோகஸ்தர்களுமாகச் சிலர் மட்டுமே வந்து தங்கிப் போகிறார்கள். பிரிட்டன் அத்தீவை ஆண்டு வருகிறது. அர்ஜென்டினாவோ அது தனக்கே உரியதென்று வாதிடுகிறது. 1982-இல் அதற்காகப் போரும் நடந்தது.

இறங்குவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. நமது காலணிகளின் அடிப்புறத்தைத் தேய்த்துக் கழுவினார்கள். சட்டைப்பைகளைத் தலைகீழாய்க் கவிழ்த்தார்கள். துணியில் ஒட்டியிருந்த புல்விதை ஒன்றைச் சிறு இடுக்கியால் பிடுங்கி எடுத்தார்கள். வீட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வரும் நமக்கு இது விசித்திரமாய்த் தோன்றவில்லை. பழைய கப்பல்களோடு வந்திறங்கிய எலிகள் அத்தீவின் பறவைக் குஞ்சுகளை ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளாய்த் தின்றழித்து வந்தனவாம். 2011 முதல் 2015 வரை பெருமுயற்சி செய்து அவற்றை ஒழித்தார்கள். எலி அறவே இல்லையென்று 2018-இல் அறிவித்தார்கள். அதன்பின் ஒரு விதையும் ஒரு பூச்சியும் புதிதாய் நுழையக்கூடாதென்று இவ்வளவு காவல்.

கப்பல் நங்கூரமிட்ட இடத்துக்குக் கிரிட்விக்கன் என்று பெயர். அதற்குக் கொப்பரைக் குடா என்று பொருள். 1902-இல் அங்கு வந்த சுவீடன் நாட்டு ஆராய்ச்சிக் குழுவினர், பழைய வேட்டைக்காரர்கள் கடல்நாய்க் கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுத்துவிட்டுப் போட்டுச் சென்ற இரும்புக் கொப்பரைகளைக் கரையிற் கண்டார்கள். அதனால் அமைந்த பெயர் இது. கரையில் யானைக் கடல்நாய்கள் மூட்டை மூட்டையாய்ப் படுத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். சிறு பெங்குவின் ஒன்று, நாம் வழி விடுவோமென்று எதிர்பார்த்து நம்முன் வந்து நின்றது. நாமும் வழி விட்டோம்.

அந்தத் தீவின் சரித்திரம் ஒரு சூறையின் சரித்திரம். 1775-இல் காப்டன் குக் அங்கே இறங்கினார். அவருடைய பிரயாணக் குறிப்பில் உரோமக் கடல்நாய்களைப் பற்றிப் படித்த வியாபாரிகள் அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கப்பல்களை அனுப்பினார்கள். பெண்களுக்குக் கழுத்துப்பட்டையும் ஆண்களுக்குத் தொப்பியுமாக அத்தோல்கள் விலைபோயின. 1825-க்குள் அத்தீவிலிருந்து மட்டும் 12 இலட்சம் தோல்கள் போயிருக்குமென்று வெட்டல் என்னும் மாலுமி கணக்கிட்டார். கடல்நாய் அருகிப் போனதும் அந்தத் தொழிலும் படுத்தது.

பிறகு 1904-இல் லார்சன் என்னும் நார்வே நாட்டுக் காப்டன் ஏறக்குறைய அறுபது ஆட்களுடன் வந்து, இதே கொப்பரைக் குடாவில் திமிங்கிலத் தொழிற்சாலையை நிறுவினார். நாம் நின்ற இடத்துக்கு எதிரே அதன் கொதிகலன்களும் எண்ணெய்த் தொட்டிகளும் செந்துரு ஏறி வரிசையாய் நின்றன. 'பெட்ரல்' என்னும் வேட்டைக் கப்பல், முகப்பில் பீரங்கியுடன் கரையில் சாய்ந்து கிடந்தது. 1960-களின் நடுவில் வேட்டைத் தொழில் அத்தீவை விட்டு அகன்ற வரையில், அதன் தொழிற்சாலைகளிலே அறுக்கப்பட்ட திமிங்கிலங்களின் எண்ணிக்கை 1,75,000-க்கு மேல். சுற்றிலும் எங்கும் நிசப்தம். தொழிலாளர் 1913-இல் கட்டிய வெள்ளை மாதாகோயில் ஒன்று மட்டும் சிதையாமல் நின்றது.

இவ்வளவும் கண்டபோது, "அந்தக் காலத்தவர் அறியாமையால் செய்தார்கள், விஷயம் தெரிந்திருந்தால் செய்திருக்கமாட்டார்கள்" என்று நம் மனம் ஒரு சமாதானம் தேடியது. அந்தச் சமாதானமும் நிலைக்கவில்லை.

குடாவின் ஓரமாய்ச் சற்றுத் தூரம் நடந்தால் கிங் எட்வர்டு முனை என்னும் இடம் வரும். அங்கே ஒரு பழைய மரக் கட்டடம் இருக்கிறது. அதற்கு 'டிஸ்கவரி இல்லம்' என்று பெயர். 1925-இல் பிரிட்டிஷ் சர்க்கார் கட்டியது. திமிங்கில எண்ணெய்மீது விதித்த வரிப்பணத்தைக் கொண்டே விஞ்ஞானிகளை அமர்த்தி, திமிங்கிலத்தின் வாழ்வை ஆராயச் சொன்னார்கள். அவர்கள் தினந்தோறும் தொழிற்சாலைத் தளத்துக்குப் போய், இரத்தச் சேற்றில் நின்று, அறுபடும் ஒவ்வோர் உடலையும் அளந்தார்கள். இரைப்பையைத் திறந்து என்ன தின்றதென்று பார்த்தார்கள். கருப்பையைச் சோதித்து எத்தனை ஆண்டுக்கு ஒரு கன்று ஈனுமென்று கணித்தார்கள். இவ்வளவு மெதுவாய்ப் பெருகும் பிராணியை இவ்வளவு வேகமாய்க் கொன்றால் மிஞ்சாதென்பதை அறிய வேண்டிய கணக்கெல்லாம் அக்கட்டடத்துக்குள்ளேயே இருந்தது.

ஆயினும் நடந்ததென்ன? அதே 1925-இல், திமிங்கிலத்தை நடுக்கடலிலேயே பின்புறச் சறுக்குவழியாக மேலே இழுத்து அறுக்கக்கூடிய தொழிற்சாலைக் கப்பல் கடலுக்கு வந்துவிட்டது. அதற்குக் கரையும் வேண்டியதில்லை. கரையை ஆள்பவரின் அனுமதிச்சீட்டும் வேண்டியதில்லை. 1930-31-ஆம் பருவத்தில் மட்டும் தென்கடலில் 29,000-க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் மடிந்தன. நீலத் திமிங்கிலத்தைக் கொல்லலாகாதென்னும் விதி ஏற்பட்டபோது 1960-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. அதற்குள் கொல்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்றே சொல்லலாம். ஆகவே அறிவு இல்லாமற் போகவில்லை. அறிவு சொன்னதைக் கேட்க ஆளில்லை. அந்தக் கட்டடத்தின் முன் நின்றபோது நம் மனத்தை வருத்தியது இதுதான்.

திமிங்கிலம் போயிற்று, அடுத்தது மீன். அந்தத் தீவைச் சூழ்ந்த கடலில் பளிங்குப் பாறைமீன் என்று சொல்லத்தக்க ஓர் இனம் திரளாய் இருந்தது. 1969-70-ஆம் பருவத்தில் சோவியத் கப்பல்கள் அதை ஏறக்குறைய 4 இலட்சம் டன் வாரிச் சென்றன. சில ஆண்டுகளில் வலை வெறுமையாய் வந்தது. 1985-இல் அதைப் பிடிப்பதற்குத் தடை போட்டார்கள். குளிர்க்கடலில் மீன் வளர்வது நத்தை நடப்பது போல; அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அந்த இனம் பழைய அளவை எட்டவில்லை.

இதற்கிடையில் கப்பல்களின் கண் மற்றொன்றின்மேல் விழுந்தது. அதன் பெயர் கிரில். நம் கடற்கரைச் சந்தைகளில் சென்னாகூனி என்று படியால் அளந்து விற்பார்களே, அதற்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம். விரல் நீளம்; இரண்டு கிராம் எடை. அவை கோடிகோடியாய்த் திரண்டு கடலையே சிவப்பாக்கும். திமிங்கிலம், கடல்நாய், பெங்குவின், அல்பட்ராஸ், மீன் எல்லாம் நேராகவோ சுற்றுவழியாகவோ இதை உண்டே உயிர்வாழ்கின்றன. ஒரு வீட்டில் நெற்குதிர் எப்படியோ, தென்கடலுக்குக் கிரில் அப்படி. அந்தக் குதிரிலேயே கைவைக்கத் தொடங்கிய பிறகுதான் நாடுகள் விழித்துக்கொண்டன. 1980-இல் ஓர் உடன்படிக்கை எழுதி, 1982 முதல் அண்டார்டிகக் கடல்வாழ் உயிரினங்களைக் காக்கும் ஆணையம் ஒன்றை நிறுவினார்கள். அதன் தலைமையிடம் டாஸ்மேனியாவிலுள்ள ஹோபார்ட் நகரம்.

இந்த ஆணையம் வகுத்த ஒரு விதியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மற்றக் கடல்களில், "மீன் இனம் அழியாமல் எவ்வளவு பிடிக்கலாம்?" என்று மட்டுமே கேட்பது வழக்கம். இங்கோ, "இதை உண்டு வாழும் பிராணிகளுக்கு எவ்வளவு விட்டுவைக்க வேண்டும்?" என்று முதலிற் கேட்டார்கள். மனிதன் கைபடாத காலத்தில் இருந்திருக்கக்கூடிய கிரிலில் நான்கில் மூன்று பங்கு கடலிலேயே தங்கியிருக்க வேண்டுமென்று தீர்மானித்தார்கள். மேலும், தெளிவாகத் தெரியாத இடத்தில் குறைவாய் எடு என்பதும் அவர்களுடைய கொள்கை. கணக்குத் தெரியாத குடும்பத் தலைவன் கையை இறுக்கிச் செலவு செய்வது போன்ற விவேகம் இது.

ஆனால் கடலுக்குள் எவ்வளவு இருக்கிறதென்று அறிவது எப்படி? முன்னரே வேண்டிக்கொண்டதற்கிணங்க, கிங் எட்வர்டு முனையிலுள்ள ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த இளம் பெண்மணி ஒருவர் எம்மில் சிலருக்கு அதை விளக்கினார். 2001 முதல் மீன்வள ஆராய்ச்சிக்கென்றே அந்நிலையம் நடந்து வருகிறது. அவர் நமது உள்ளங்கையில் சிறு வெண்கல் ஒன்றை வைத்தார். டூத்பிஷ் என்னும் ஆழ்கடல் பெருமீனின் காதுக்குள்ளிருந்து எடுத்த செவிக்கல் அது. அதை மெல்லிதாய் அறுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் மரத்தின் வளையங்களைப்போல் கோடுகள் தெரிகின்றன. கோட்டை எண்ணினால் மீனின் வயது. ஐம்பது ஆண்டு வரையும் வாழக்கூடிய மீனாம். நம் வயதையொத்த மீன் ஒருவேளை அன்று யாருடைய உணவு மேசையிலோ கிடந்திருக்கும்.

அடுத்து, எண்ணும் விதம். மீன்பிடிக் கப்பல் ஒவ்வொன்றும் பிடித்த மீன்களில் சிலவற்றுக்கு அடையாள வில்லை குத்தித் திரும்பக் கடலில் விட்டாக வேண்டும். பிற்பாடு பிடிபடும் மீன்களில் எத்தனைக்கு வில்லை இருக்கிறதென்று பார்க்கிறார்கள். நம் மாணவருக்குச் சொல்வதானால் இப்படிச் சொல்வோம்: ஒரு பானை நிறையப் புளியங்கொட்டை. அதில் நூறு கொட்டைக்குச் சுண்ணாம்புப் புள்ளி வைத்துத் திரும்பப் போட்டு நன்றாய்க் குலுக்குகிறோம். பிறகு கண்ணை மூடி நூறு எடுத்ததில் பத்துக்குப் புள்ளி இருந்தால், பானையில் ஏறக்குறைய ஆயிரம் கொட்டை இருக்கிறதென்று அறியலாம். ஆயிரம் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உலவும் மீனை இவ்வாறு எண்ணுகிறார்கள்.

மற்றொரு வேலை அவ்வளவு சுத்தமானதன்று. மலைக்கு அப்பால் மாய்விக்கன் என்னும் இடத்துக்கு நடந்துபோய், உரோமக் கடல்நாய்களின் எருவைச் சேகரித்து வந்து, சல்லடையில் கழுவுகிறார்கள். அதில் கிரிலின் ஓடு எவ்வளவு, மீனின் செவிக்கல் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் கடலில் அந்த ஆண்டு என்ன விளைச்சலென்று தெரிந்துவிடும். குட்டிகளையும் நிறுக்கிறார்கள். கிரில் குறைந்த ஆண்டில் குட்டி மெலிந்திருக்கும். தாய் இரை தேடி நெடுந்தூரம் போய்த் திரும்ப வராததால் பட்டினியாலும் சாகும். கடலின் பஞ்சத்தைக் கரையிலுள்ள தராசு காட்டிவிடுகிறது.

"அம்மணி, இவ்வளவு அளந்தும் எண்ணியும், முடிவில் மீன் பிடிக்கத்தானே அனுமதி கொடுக்கிறீர்கள்? அறவே கூடாதென்று சொல்லிவிடலாகாதா?" என்று கேட்டோம்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஐயா, எல்லாரும் கேட்கும் கேள்விதான் இது. 1990-களில் இக்கடல்களில் கள்ளக் கப்பல்கள் மலிந்திருந்தன. இப்போது அனுமதிபெற்ற கப்பல்கள் செலுத்தும் பணத்தால்தான் காவற் கப்பல் ஓடுகிறது. எங்கள் ஆராய்ச்சியும் நடக்கிறது. யாருமே இல்லாத கடலுக்குத் திருடன்தான் முதலில் வருவான்" என்றார். பிறகு சிறிது யோசித்து, "இதுதான் சரியென்று நான் சத்தியம் செய்யமாட்டேன். எண்ணுவதை நிறுத்தக்கூடாதென்று மட்டும் சத்தியம் செய்வேன்" என்றும் சொன்னார்.

எண்ணியதனால் விளைந்த நன்மைக்கு அவர் காட்டிய சான்று ஒரு தூண்டில் முள். தீவின் மேற்கு முனையையொட்டிப் பறவைத் தீவு என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அங்கே 1958 முதல் அல்பட்ராஸ் பறவைகளுக்குக் காலில் வளையம் பூட்டி எண்ணி வருகிறார்கள். இறக்கை விரித்தால் மூன்று மீட்டருக்கு மேற்படும் பறவை அது. இரண்டாண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். நம் மீனவர் ஆயிரங்கால் தூண்டில் என்று சொல்லுகிறார்களே, அப்படிப் பல்லாயிரம் முள் கோத்த கயிற்றை டூத்பிஷுக்காக இறக்கும்போது, மிதக்கும் இரையை விழுங்கவந்து முள்ளில் மாட்டி இப்பறவைகளும் பெட்ரல் பறவைகளும் மூழ்கி இறந்தன. 1997-ஆம் ஆண்டில் மட்டும் தெற்கு ஜார்ஜியாவைச் சுற்றி 5,000-க்கு மேற்பட்ட பறவைகள் இவ்வாறு மாண்டனவென்று கணக்கிட்டார்கள். உடனே, பறவை அதிகமில்லாத குளிர்காலத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். இரவில்தான் கயிற்றை இறக்க வேண்டும். கயிறு விரைந்து மூழ்கப் பாரம் கட்ட வேண்டும். பறவையை விரட்ட நாடாத் தோரணம் பறக்கவிட வேண்டும் என்று விதித்தார்கள். சில ஆண்டுகளில் சாவு ஆண்டுக்குச் சில பத்துகளாய்க் குறைந்தது. முள் ஒவ்வொன்றிலும் எந்தக் கப்பலுடையதென்னும் அடையாளம் பொறித்திருக்க வேண்டும். கூட்டில் முள் கிடந்தால், குற்றவாளியை முள்ளே காட்டிக்கொடுக்கும்.

எனினும், தூரத்துக் கடல்களில் இவ்விதிகளில்லாத கப்பல்களிடையே இரைதேடப் போகும் அந்த அல்பட்ராஸ் இன்னும் குறைந்துகொண்டுதான் வருகிறது.

நாம் ஊர் திரும்பிய சில வாரங்களில், 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஓர் ஆராய்ச்சிக் கப்பல் அத்தீவைச் சுற்றி வந்து 50-க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கண்டது. 42,000 நீலத் திமிங்கிலங்களுக்கு மேல் கொன்று குவித்த அதே கடல் அது. அதற்கு முந்திய இருபது ஆண்டுகளில் ஆராய்ச்சிக் கப்பல்களுக்கு ஒன்று தென்படுவதே அரிதாயிருந்தது. செய்தியைப் படித்தபோது, தொலைந்துபோன உறவினர் கடிதம் வந்தாற்போல் மகிழ்ந்தோம்.

ஆனால் மகிழ்ச்சியோடு இருந்துவிட முடியவில்லை. 2023 அக்டோபரில் பறவைக் காய்ச்சல் பறவைத் தீவை எட்டிவிட்டது. அந்நோய் கடல்நாய்களையும் தொற்றியது. நாம் சுற்றிக்கொண்டு நடந்தோமே, அந்த யானைக் கடல்நாய்களின் மூன்று பெரிய கூட்டங்களில், ஈனவரும் பெண்களின் எண்ணிக்கை 2022-க்கும் 2024-க்கும் இடையில் ஏறக்குறைய பாதியாய்க் குறைந்தது. காலணியைக் கழுவலாம், பறந்துவரும் நோயை எந்த இடுக்கியால் பிடுங்குவது?

மற்றோர் அபாயம் மனிதர் கூடும் சபையில் இருக்கிறது. ஹோபார்ட் ஆணையத்தில் 26 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் உறுப்பினர். எந்தத் தீர்மானத்துக்கும் எல்லாரும் இசைய வேண்டும்; ஒருவர் மறுத்தாலும் அது நின்றுவிடும். கிரில் பிடிப்பு 6,20,000 டன்னைத் தாண்டலாகாதென்றும், அதையும் ஒரே இடத்தில் வாராமல் பல பகுதிகளுக்குப் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமென்றும் முன்பு விதித்திருந்தார்கள். பங்கிடும் விதியைப் புதுப்பிக்க 2024-இல் ஒற்றுமை ஏற்படவில்லை, அது காலாவதியாயிற்று. மறு ஆண்டே, 2025 ஆகஸ்டு மாதத்தில், அந்த அளவு முதன்முறையாக எட்டப்பட்டுப் பிடிப்பை நிறுத்த நேர்ந்தது. 1925-இல் விஞ்ஞானி ஒரு பக்கமும் வேட்டைக்காரன் ஒரு பக்கமுமாய் இருந்த கதை மறுபடியும் தலைகாட்டுகிறதோ என்று அச்சமாயிருக்கிறது.

இதில் நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நமது பாரத நாடு 1986 முதல் அந்தச் சபையில் உறுப்பினர். ஒருவர் மறுத்தால் நிற்குமென்றால், ஒவ்வொருவர் சொல்லுக்கும் சம எடை என்றும் பொருளல்லவா? தென்கடலைச் சூறையாடிய காலத்தில் நமக்குப் பேச வாயில்லை. இன்று வாய் இருக்கிறது. 2021-இல் கிழக்கு அண்டார்டிகாவிலும் வெட்டல் கடலிலும் பெரிய கடற்காப்பகங்கள் அமைக்கும் யோசனைகளை முன்மொழிவோருடன் இந்தியாவும் சேர்ந்துகொண்டது. 2024 வரை நடந்த கூட்டங்களில் அவை நிறைவேறவில்லை. விடாமல் வற்புறுத்துவது நமது கடமை. சர்க்கார் வற்புறுத்த வேண்டுமென்றால், அந்தக் கடலின் பெயராவது ஜனங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், பழைய பாடத்தை மறுபடியும் எடுத்தோம். "கடலின் செல்வம் அள்ள அள்ளக் குறையாதது என்று உங்களுக்கு முன் படித்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். அது தவறு. கடல் குறையும், குறைந்ததை நாமே பார்த்து வந்தோம்" என்று சொன்னோம். வகுப்பு சிறிது நேரம் மௌனமாயிருந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அப்படியானால் குறையாமல் இருக்க எவ்வளவு எடுக்கலாம், ஸார்?" என்று கேட்டான்.

கொப்பரைக் குடாவின் ஓரத்தில், அந்த மரக் கட்டடத்துக்கு அருகே, உள்ளங்கையில் செவிக்கல்லை வைத்துக்கொண்டு அந்தப் பெண்மணி கேட்டுக்கொண்டிருப்பதும் இதே கேள்விதான். விடை முழுவதும் இன்னும் தெரியவில்லை என்று பையனிடம் சொன்னோம். தெரியும்வரை குறைவாக எடுப்பதே நல்லவர்க்கு அழகு என்றும் சொன்னோம். அவன் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.